ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகம் காதில் ஏன் உடைகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1960களில் அச்சான ஒரு நாவலை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) கொடுத்து, வந்ததை வேர்டில் போட்டு மூன்று மாதம் மெய்ப்புப் பார்த்திருக்கிறீர்கள். திரையில் அச்சுப் புத்தகம் மாதிரியே இருக்கிறது. அதை இபப் (மின்நூல் கோப்பு) ஆக்கி, பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவருக்கு அனுப்பினீர்கள். அவர் சொன்ன பதில்: “அக்கா, வரி நடுவுல உடைஞ்சு உடைஞ்சு வருது. அத்தியாயத்துக்குத் தாவ முடியல. சில பேருக்குள்ள எண்ணைப் படிக்குது.” தவறு உங்கள் மெய்ப்பிலா, மாற்றிய மென்பொருளிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் மீது பழி போட வேண்டாம். அவர் சொன்ன மூன்றும் இபப் ஆவதற்கு முன்பே, வேர்ட் கோப்பிலேயே இருந்தவை. கண்ணுக்குத் தெரியாததால் நீங்கள் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் கவனக்குறைவு என்றும் சொல்ல மாட்டேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கப் பழகிய கண் எழுத்தின் உருவத்தைத்தான் பார்க்கும். திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும், கணினிகளின் பொது எழுத்துக்குறியீடான யூனிகோடில் இருக்கும் எண்ணையும், ஒவ்வொரு பத்திக்கும் கோப்பில் ஒட்டியிருக்கும் அடையாளத்தையும்தான் அது படிக்கிறது. நமக்குச் சரியாகத் தெரியும் பக்கம் அதற்கு வேறொன்றாக இருக்கலாம்.

எனக்கு இது புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் முதன்முதலில் முடித்துக் கொடுத்த புத்தகத்தை, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் குரலை அவர் ஓட்டிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. திடீரென்று நிறுத்தி, அம்புக்குறிப் பொத்தானால் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் வந்தார். “அண்ணா, இங்க ‘ஒன்று ண்ணன்’னு வருது, யாரது?” என்றார். திரையில் பளிச்சென்று ‘௧ண்ணன்’ என்று இருந்தது. எனக்கு அது கண்ணன்தான். ஓசிஆர் ககரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஒன்றை எடுத்துப் போட்டிருந்தது. உருவம் ஒன்றேதான், எண் வேறு. அந்தப் புத்தகத்தை நான் இரண்டு முறை முழுதாக மெய்ப்புப் பார்த்திருந்தேன். இருபது முறை பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஆகவே முதல் வேலை, உருவம் ஒத்த எழுத்துகளைத் தேடிப் பிடிப்பது. இதைக் கண்ணால் செய்யாதீர்கள், ஃபைண்ட் பெட்டியால் செய்யுங்கள். ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். இந்த எண்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சொல்லுக்குள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றால் அது எழுத்தாக இருக்க வேண்டியது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பழைய நூல்களில் முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண் போட்டிருப்பார்கள். ‘௧௮’ என்ற பக்க எண் ‘கஅ’ என்று வந்து உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது ரகரம். இது ஓசிஆரில் மட்டுமல்ல, தட்டச்சு செய்த கோப்புகளிலும் கொள்ளை கொள்ளையாக வரும். ‘அவர்’ என்பதில் ர-வுக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்து ‘அவா்’ என்று எழுதிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. குரல் ‘அவா’ என்று படித்துவிட்டுத் தடுமாறும். ‘அரிசி’ இப்படியே ‘அாிசி’ ஆகும். நல்ல செய்தி என்னவென்றால், இதை ஒரே சொடுக்கில் புத்தகம் முழுக்க மாற்றலாம், பயமே வேண்டாம். தமிழில் துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வர வழியே இல்லை. ‘ா்’ இருந்தால் ‘ர்’, ‘ாி’ இருந்தால் ‘ரி’, ‘ாீ’ இருந்தால் ‘ரீ’. கண்ணை மூடிக்கொண்டு ரீப்ளேஸ் ஆல் கொடுக்கலாம் என்று நான் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று.

ஔகாரம் அப்படியல்ல. ‘மௌனம்’ என்ற சொல்லில் ம-வோடு ஒட்டும் குறி ஒரே எழுத்து. ஓசிஆர் அதை ‘மெ’ என்றும் தனியாக ஒரு ‘ள’ என்றும் பிரித்துப் போடும். பார்க்க அதே மௌனம், கேட்டால் ‘மெளனம்’. ஆனால் எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து மொத்தமாக மாற்றினால் தெளிவும் வெளிச்சமும் கெட்டுப்போகும். ஔகாரச் சொற்கள் தமிழில் குறைவு. கௌரவம், கௌரி, கௌதமர், மௌனம், பௌத்தம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பத்து நிமிட வேலை. பௌத்த வரலாறு ஒன்றை இந்தத் திருத்தம் இல்லாமல் கேட்டுப் பார்த்தால், அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

இனி, உங்கள் நாவல் 1960களில் அச்சானது என்பதுதான் விஷயத்தின் கனமான பகுதி. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. ‘லை’க்கு முன்னால் இன்று தனியாக நிற்கும் ஐகாரக் கொம்பு அன்று தும்பிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டியிருக்கும். ‘றா’வின் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடேயே சுழிந்து போகும். ஓசிஆர் இவற்றைக் கண்டு குழம்பி, தனக்குத் தெரிந்த எழுத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் போட்டுவிடும். அதனால்தான் பழைய புத்தகங்களின் ஓசிஆரில் ‘தலேவர்’, ‘வேலே’, ‘என்ருன்’, ‘கண்ணுடி’ என்றெல்லாம் பார்க்கிறோம். தலைவர், வேலை, என்றான், கண்ணாடி என்பவைதான் இவை.

‘தலேவர்’ என்று ஒரு சொல்லே கிடையாது. அதனால் அது ஆபத்தில்லாத பிழை, மொத்தமாக மாற்றிவிடலாம். ஆபத்து எங்கே என்றால், பிழையான வடிவமும் நல்ல தமிழாக இருக்கும் இடத்தில். அச்சில் ‘அவனை அடித்தான்’ என்று இருக்கிறது. பழைய ‘னை’யை ஓசிஆர் ‘னே’ என்று படித்து ‘அவனே அடித்தான்’ என்று தருகிறது. எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இதில் குறையே இல்லை. உங்கள் கண்ணும் வழுக்கிப் போகும், ஏனென்றால் வாக்கியம் ஓடுகிறது. ஆனால் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதே மாறிவிட்டது. பார்வையுள்ளவருக்குச் சந்தேகம் வந்தால் ஸ்கேன் படத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார். நம் வாசகருக்கு அந்தப் படம் இல்லை. நீங்கள் கொடுப்பதுதான் அவருக்கு மூலம். இதை ஒவ்வொரு புதிய தன்னார்வலரிடமும் முதல் நாளே சொல்கிறேன்.

எனவே 1978-க்கு முந்தைய நூல் என்றால் ‘லே’, ‘னே’, ‘ளே’, ‘ணே’ என்று முடியும் எல்லாச் சொற்களையும் தேடி, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை. நாவல் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. உரையாடலில் ஆசிரியரே ‘இல்லே’ என்று பேச்சு வழக்கில் எழுதியிருக்கலாம். கதை சொல்லும் இடத்தில் வரும் ‘இல்லே’ ஓசிஆர் பிழை, மேற்கோள் குறிக்குள் வரும் ‘இல்லே’ பாத்திரத்தின் குரலாக இருக்கலாம். படத்தைப் பார்க்காமல் மாற்றினால் ஒரு கிராமத்துப் பாட்டியின் வாயில் மேடைத் தமிழைத் திணித்துவிடுவீர்கள்.

நூல் பழையதாக இருந்தால் தேதிகளையும் பாருங்கள். ஆண்டைக் குறிக்கும் ௵, மாதத்துக்கான ௴, நாளுக்கான ௳, மேற்படி என்பதற்கான ௸ ஆகியவை கடிதங்களிலும் பத்திரங்களிலும் வரும். ஓசிஆர் இவற்றை ‘ளு’ என்றோ ‘ஷ’ என்றோ ஆக்கிவிடும். சரியான குறியையே நீங்கள் போட்டாலும் எல்லாக் குரல்களும் அதைப் படிப்பதில்லை, சில விழுங்கிவிடும். நான் அந்த இடத்தில் ‘ஆண்டு’, ‘மாதம்’ என்று சொல்லாகவே எழுதி, நூலின் தொடக்கத்தில் மெய்ப்பர் குறிப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

இப்போது உடைந்த வரிகளுக்கு வருவோம். உங்கள் மாணவரைப் படுத்தியது இதுதான். ஆங்கிலப் புத்தகத்தில் வரி முடிவில் சொல் உடைந்தால் சிறு கோடு போடுவார்கள், மென்பொருள் அந்தக் கோட்டைப் பார்த்து ஒட்டிவிடும். நம் பழைய அச்சில் கோடு போடும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. ‘வந்திருந்’ என்று ஒரு வரி முடியும், ‘தான்’ என்று அடுத்த வரி தொடங்கும். ஓசிஆர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பத்தி முடிவையோ வரி முடிவையோ போடுகிறது. வேர்டில் பக்க அகலம் அதே அளவு இருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. இபப் ஆனதும் திரை அகலத்துக்கு ஏற்ப எல்லாம் அவிழ்கிறது. ‘வந்திருந்’ என்று குரல் நிற்கும், மூச்சு விடும், பிறகு ‘தான்’ என்று தொடங்கும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரை, எல்லா வரி முடிவையும் இடைவெளியாக மாற்று என்பது. அதைச் செய்துவிடாதீர்கள். செய்தால் ‘வந்திருந் தான்’ என்று நிரந்தரமாக நின்றுவிடும், எந்த இடைவெளி அச்சில் இருந்தது, எது வரி உடைந்ததால் வந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. முதலில் உண்மையான பத்தி முடிவுகளைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற வரி முடிவுகளை § போல நூலில் எங்குமே வராத ஒரு குறியாக மாற்றுங்கள். இனி அந்தக் குறியை மட்டும் விரட்டினால் போதும்.

விரட்டுவதற்கு நமக்குப் பள்ளிக்கூட இலக்கணம் உதவும். எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது வராது என்று நன்னூல் வகுத்து வைத்திருக்கிறது. ண, ன, ள, ழ, ற ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே குறிக்கு அடுத்து இந்த ஐந்தில் ஒன்று வந்தால் குறியை நீக்கி ஒட்டிவிடலாம். ட, ர, ல ஆகியவற்றுக்கும் அதே விதிதான், ஆனால் டாக்டரும் ராமனும் லட்சுமியும் நாவலுக்குள் இருப்பார்கள், அதனால் அங்கே பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். குறிக்கு முன்னால் ங், ஞ், ந் இருந்தால் சொல் முடியவில்லை, ஒட்டுங்கள். ‘மீட்டிங்’ மாதிரி பிறமொழிச் சொல் மட்டும் விதிவிலக்கு. ட், ற் இருந்தாலும் அப்படியே. ‘டிக்கெட்’ போன்றவற்றைக் கவனித்துக்கொண்டால் போதும். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, மேற்கோள் குறிக்குப் பின்னால் இருந்தால் இடைவெளி.

க், ச், த், ப் நான்கும்தான் உண்மையில் வேலை வாங்கும். ‘அந்தப்§பையன்’ என்பதில் அது சந்தி, இடைவெளி வேண்டும். ‘அப்§பா’ என்பதில் அது சொல்லின் நடு, ஒட்ட வேண்டும். இதற்கு விதி எழுத நானும் முயன்றேன், சரிவரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். உயிரிலோ ம், ன், ல், ர் போன்ற மெய்களிலோ முடியும் வரிகளும் அப்படியே, ‘அவர்’ முடிந்துவிட்டதா, ‘அவர்களும்’ என்பதன் பாதியா என்று வாக்கியம்தான் சொல்லும். எனினும் மேலே சொன்ன விதிகளை முதலில் ஓட்டிவிட்டால் மீதி வேலை கையால் செய்யக்கூடிய அளவுக்கு வந்துவிடும். வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிபரே ஆபீஸின் தேடல் பெட்டியில், எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதி இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது.

கவிதை வந்தால் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். குறளில் முதல் அடி நான்கு சீர், இரண்டாம் அடி மூன்று சீர். வரி முடிவை எடுத்துவிட்டால் ஏழு சீரும் ஒரே உரைநடை வரியாகப் போய்விடும், யாப்பை வைத்துப் படிக்கும் மாணவருக்கு அது பெரிய இழப்பு. நூலில் எங்கெல்லாம் பாட்டு வருகிறதோ அங்கே வேலை தொடங்குமுன்பே ஒரு ஸ்டைல் (பத்தியின் வகையைச் சொல்லும் வேர்ட் அடையாளம்) கொடுத்துப் பூட்டி வையுங்கள். அடி முடிவுக்கு ஷிஃப்ட் எண்டர், பாட்டு முடிவுக்கு எண்டர்.

அத்தியாயத்துக்குத் தாவ முடியாததற்குக் காரணம் எளிது. நீங்கள் தலைப்பைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்திருப்பீர்கள். அது கண்ணுக்கான அலங்காரம். திரைவாசிப்பானில் எச் பொத்தானைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குப் போக வேண்டுமென்றால், அந்த வரிக்கு வேர்டின் ஹெடிங் ஸ்டைல் இருக்க வேண்டும். நூல் தலைப்புக்கும் பாகத்துக்கும் ஹெடிங் ஒன்று, அத்தியாயத்துக்கு ஹெடிங் இரண்டு. வேறெந்த அலங்காரமும் வேண்டாம். காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் மாற்றினீர்கள் என்றால் இன்னொன்றும் நடந்திருக்கும். அது அத்தியாயத்தைக் கண்டுபிடிக்க ‘சாப்டர்’, ‘பார்ட்’, ‘செக்‌ஷன்’ போன்ற ஆங்கிலச் சொற்களைத் தலைப்பில் தேடும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டது. ‘அத்தியாயம்’ அதற்குத் தெரியாது. அமைப்புகளில் போய் ஹெடிங்கை மட்டும் வைத்துப் பொருளடக்கம் எடுக்கச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் ‘வேர்ட் டு இபப்’ கருவியே நல்லது. பார்வையற்றோருக்கான பேசும் நூல்களுக்கென்றே 1996-ல் உருவான அமைப்பு அது, அவர்களுடைய கருவி ஹெடிங்கை ஹெடிங்காகவே எடுத்துக்கொள்ளும்.

பக்க எண்ணை நீக்காதீர்கள். பலரும் ‘காதால் கேட்பவருக்குப் பக்கம் எதற்கு’ என்று அழித்துவிடுகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் “47-ஆம் பக்கம் எடுங்க” என்றால் அந்த மாணவரும் எடுக்க வேண்டாமா? ஆய்வேட்டில் மேற்கோளுக்குப் பக்க எண் தர வேண்டாமா? ஆனால் எண்ணை வாக்கியத்தின் நடுவில் சாதாரண எழுத்தாக விட்டால், ‘அவள் கதவைத் திறந்து நாற்பத்தேழு பார்த்தாள்’ என்று வரும். பக்க எண்ணுக்கென்றே உள்ள டெய்சி ஸ்டைலைக் கொடுத்தால், கருவி அதைப் பக்க அடையாளமாக மாற்றி ஒதுக்கிவைக்கும். வேண்டியவர் தேடிப் போகலாம், வேண்டாதவருக்குக் குறுக்கே வராது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் வரும் நூல் பெயரையும் அத்தியாயப் பெயரையும் மட்டும் தயங்காமல் நீக்குங்கள். முந்நூறு பக்க நாவலில் அதே பெயரை முந்நூறு முறை கேட்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓசிஆர் அந்தப் பெயரையே பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு பிழையோடு படித்திருக்கும், அதனால் ஒரே தேடலில் எல்லாம் சிக்காது. இரண்டாவது சுற்று போங்கள்.

அடிக்குறிப்புகளை வேர்டின் உண்மையான ஃபுட்நோட்டாகவே போடுங்கள், அப்போதுதான் இபப்பில் போய்வர இணைப்பு கிடைக்கும். ஓசிஆர் நேராக வேர்ட் கோப்பாகத் தந்திருந்தால் டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்க அமைப்பைக் காப்பாற்றுகிறேன் என்று சில மென்பொருள்கள் பத்திகளைப் பெட்டிக்குள் அடைத்துவிடும். மாற்றும்போது அந்தப் பெட்டி நூலின் கடைசியில் போய் விழலாம், மொத்தமாகக் காணாமலும் போகலாம். எனக்கு ஒரு வரலாற்று நூலில் ஒரு முழு உள்தலைப்பே இப்படிப் போய்விட்டது. அன்றிலிருந்து ஓசிஆர் தருவதை வெறும் எழுத்தாக மட்டும் எடுத்து, அமைப்பை நானே புதிதாகக் கட்டுகிறேன். கூடுதல் நேரம் ஆகிறது என்று தோன்றும், மொத்தத்தில் ஆவதில்லை.

மொழி அடையாளம் ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வேர்ட் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் ‘இது எந்த மொழி’ என்று ஒரு குறிப்பை உள்ளே வைத்திருக்கும். இயல்பாக அது ஆங்கிலமாக இருக்கும். அப்படியே மாற்றினால் இபப்பின் நெற்றியில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடும், வாசிப்புச் செயலி தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்தே தெரியாததால் சில சமயம் முழு அமைதிதான் வரும், “அக்கா, புத்தகம் காலியா இருக்கு” என்பார்கள். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். மாற்றிய பின் இபப்பின் விவரங்களிலும் மொழி தமிழ்தானா என்று பாருங்கள். நாவலில் நாலு வரி ஆங்கிலக் கடிதம் வந்தால் அதை மட்டும் ஆங்கிலம் என்று குறித்தால், குரல் தானாக மாறிப் படிக்கும்.

கோப்பு வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப மீட்க வழியே கிடையாது. ஆர்டிஎஃப்பில் தமிழ் எழுத்துகளை எண்களாகக் குறித்து, பக்கத்தில் ஒரு மாற்று எழுத்து வைப்பார்கள். அதைப் புரிந்துகொள்ளாத பழைய கருவிகள் அந்த மாற்று எழுத்தை மட்டும், பெரும்பாலும் கேள்விக்குறியை, எடுத்துக்கொள்ளும். பதிப்பாளரிடமிருந்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோப்பு கிடைத்தால் யூனிகோடாக மாற்றும் முன் அதில் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்துவையுங்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்தவை. மாற்றும் கருவி அந்த ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து அர்த்தமற்ற எழுத்துக் குவியலாக்கிவிடும். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். கொம்புகள் எழுத்துக்கு முன்னால் போய் நின்றுவிடும், அதைச் சரிசெய்வதைவிட மறுபடி ஓசிஆர் கொடுப்பது விரைவு.

ஓர் எச்சரிக்கை. மெய்ப்பில் ஊறிய பிறகு கை துறுதுறுக்கும். ஆசிரியர் ‘ஸர்க்கார்’ என்று எழுதியிருப்பார், ‘சர்க்கார்’ ஆக்கலாமே என்று தோன்றும். ஆக்காதீர்கள். ஓசிஆர் செய்த பிழை நம்முடையது, அதைத் திருத்த வேண்டும். ஆசிரியரும் அச்சகமும் செய்தது நூலுடையது, அது அப்படியே இருக்க வேண்டும். பார்வையுள்ளவருக்குக் கிடைக்கும் அதே நூல் இவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது, 2013-ல் மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. நாம் மெருகேற்றிய நூல் அதே நூல் ஆகாது. நீங்கள் முடிக்கும் கோப்பு நாளை சுகம்ய புஸ்தகாலயா (பார்வையற்றோருக்கான இணைய நூலகம்) போன்ற பொதுச் சேமிப்புக்குப் போனால், எங்கோ ஒரு ஊரில் ஒருவர் அதை வைத்து ஆய்வு எழுதுவார் என்ற நினைப்போடு செய்யுங்கள்.

உங்கள் நாவலுக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இபப்பை ஒதுக்கிவிட்டு வேர்ட் கோப்புக்குத் திரும்புங்கள், ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்து, பிறகு வரி, அதன் பிறகு ஹெடிங்கும் பக்க எண்ணும், கடைசியில் மொழி. இந்த வரிசையை மாற்றினால் செய்ததையே திரும்பச் செய்ய நேரும். முழு நூலையும் ஒரே மூச்சில் எடுக்காமல் முதல் அத்தியாயத்தை மட்டும் முடித்து இபப் ஆக்குங்கள். என்விடிஏ இலவசம், உங்கள் கணினியில் நிறுவுங்கள். திரையை அணைத்துவிட்டு, ஸ்கேன் படத்தை வேறொருவர் கையில் கொடுத்து, அந்த அத்தியாயத்தைக் காதால் மட்டும் கேளுங்கள். தடுக்கும் இடத்தில் எல்லாம் நிறுத்தி, எழுத்தெழுத்தாகப் பின்னால் போங்கள். குரலின் உச்சரிப்புக் குறை எது, உங்கள் கோப்பின் குறை எது என்று ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். பிறகு அதே அத்தியாயத்தை உங்கள் மாணவருக்கு அனுப்பி, அவர் வழக்கமாகக் கேட்கும் வேகத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் நிறுத்துகிறார் என்று குறித்து வாங்கிக்கொண்டு, இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.